செயலியை நம்பிச் சீனம் படிக்கலாமா?

கேள்வி: கருவடிக்குப்பத்தில் இருந்துகொண்டு, கைப்பேசிச் செயலிகளை மட்டும் வைத்துச் சீன மொழி கற்க முடியுமா? (வாசகி, கருவடிக்குப்பம், புதுச்சேரி)

பதில்: தொடங்கலாம், முடிக்க முடியாது. அகராதிக்குப் 'பிளெக்கோ'வை இறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலும் ஓடும், விரலால் எழுத்தை வரைந்தே பொருள் தேடலாம். மறப்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு நினைவில் நிறுத்த 'அங்கி'. 'டுவோலிங்கோ' பழக்கத்தை உண்டாக்கும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. செயலிகள் உச்சரிப்பைப் பின்யின் என்ற ரோமன் எழுத்தில் காட்டும். அதை ஆங்கிலமாக வாசித்தால் கெட்டது. பின்யினின் 'b' நம் 'பல்'லில் வரும் ப-வுக்கு நெருக்கம். அதன் 'p' மூச்சை வெளியே தள்ளிச் சொல்வது. 'r' ஒலியோ நம் ழகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். தமிழ்க் காதோடு கேட்டால் பாதி வேலை மிச்சம்! நான்கு தொனிகள் நமக்குப் புதிது. உங்கள் குரலைப் பதிவுசெய்து, மூல ஒலியோடு ஒப்பிடுங்கள்.

பேசிப் பழகச் சீனர்கள் புழங்கும் 'வீசாட்' உதவும் என்பார்கள். அது 2020 ஜூனில் இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் ஒன்று. ஆகவே காணொளி அழைப்பில் வாரம் ஒருமுறையாவது திருத்தும் ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். செயலிக்குப் பணம் கட்டுவதைவிட அவருக்குக் கட்டுவது மேல்.