திலாப்பியாக் குளத்தில் கொடுவா

காணிக்குள் 10 பேர்ச் குளம் வைத்திருக்கிறேன். உவர் கலந்த தண்ணீர். திலாப்பியா நிறையப் பெருகிவிட்டது. 200 கொடுவாக் குஞ்சு வாங்கி விடலாமா? – வாசகர், நாவற்குடா

தாராளமாக விடுங்கள், ஆனால் 200 வேண்டாம். உங்கள் திலாப்பியாக் குஞ்சுகள்தான் கொடுவாவுக்குச் சாப்பாடு. அதை மட்டும் நம்பினால் 75 போதும். அதற்கு மேல் விட்டால் தினமும் மலிவு மீன் வெட்டிப் போட வேண்டிவரும்.

வாங்கும்போது எண்ணிக்கையை விட அளவைப் பாருங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும். கொடுவா தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ள தம்பியையும் விழுங்கிவிடும். வாவியில் பிடித்த கலப்புக் குஞ்சு வாங்கினால் மிஞ்சுவது சில தடியன்கள்தான். விரல் நீளத்துக்குக் குறைந்ததை நேரே குளத்தில் விடாதீர்கள். குளத்துக்குள்ளேயே நைலோன் வலைக்கூடு கட்டி அதில் வளருங்கள். வாரம் ஒருதரம் பெரிதைப் பிரித்து வேறு கூட்டில் போடுங்கள். நாலு அங்குலம் தாண்டினால் திறந்து விடலாம்.

கொண்டுவந்த பையை மாலை வெயில் தணிந்ததும் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே ஊற்றுங்கள். உப்பு திடீரென மாறினால் குஞ்சு தளர்ந்துவிடும்.

கார்த்திகை மழைக்கு முன் வரம்பைச் சுற்றி வலை அடித்துவிடுங்கள். வாவி ஏறினால் கொடுவா நிற்காது.