தெரியாத கண்ணை வரையாதே

போடிமெட்டு,
ஆடி மாதம்.

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் குரல் செய்தியை மறுபடி மறுபடி கேட்டேன். பூப்பாறைப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து வந்த படத்தைப் பல ராத்திரி கண் விழித்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறாய். அதைக் கையில் வாங்கிப் பார்த்த அந்தம்மா, "இது எங்க அம்மா இல்ல தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மலை வீடுகளின் பழைய படங்களை நண்பர்களோடு சேர்ந்து இனாமாகச் சரிசெய்து கொடுக்கிற இந்த வேலையே அதிலிருந்து உனக்கு வெறுத்துப்போயிருக்கிறது. போனில் பேசித் தீர்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். உன் மாமாவோடு போடியில் ஸ்டுடியோ நடத்திய காலமெல்லாம் டச்சிங் மேசையில் உட்கார்ந்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழைய படத்தில் இடது கண்ணும் கன்னத்தில் பாதியும் பூசணத்தில் போய்விட்டன. நீ கொடுத்ததில் அந்த இடத்தில் ஒரு கண் இருக்கிறது. இமை முடி இருக்கிறது, கருவிழியில் வெளிச்சப் பொட்டுகூட இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? படத்திலிருந்து வரவில்லை. நீ போட்ட மென்பொருள் வரைந்தது அது. 2021-ல் வந்த ஜிஎஃப்பிகான் என்று சொன்னாயே, அது எதைப் பார்த்து முகம் படித்தது தெரியுமா? ஃபிளிக்கர் தளத்தில் மக்கள் ஏற்றிய படங்களிலிருந்து எடுத்துத் தொகுத்த 70,000 முகங்களை. அந்தக் கூட்டத்தில் ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்தே வயசான ஒரு தமிழ்க் கிழவியின் முகம் எத்தனை இருந்துவிடப் போகிறது? அது தனக்குத் தெரிந்த கண்களில் ஒன்றைத் தைத்து வைத்துவிட்டது. மகளுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துபோயிற்று. உன் கைத்திறமையை அவர் குறை சொல்லவில்லை. தன் அம்மாவைத் தேடினார், கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் இதைப் பிடித்துக்கொள்: படத்தில் இல்லாததை முகத்தில் வைக்காதே. வலது கண்ணைத் திருப்பிப் போட்டு இடது கண்ணாக்குவதும் கூடாது. யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்டுடியோவில் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் பலமாக விழும். திருப்பிப் போட்டால் நிழல் எல்லாம் தப்பாகும். அதே ஆளின் வேறு படம் இருக்கிறதா என்று கேள். ரேஷன் கார்டில், கல்யாண குரூப் போட்டோவின் ஓரத்தில், யாருடைய பெட்டியிலாவது ஒரு பாஸ்போர்ட் சைஸ் கிடைக்கும். கிடைத்தால் அதைப் பார்த்துச் செய். கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடு. வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்காதபடி, சுற்றியுள்ள நிறத்துக்கு அடக்கி வை. ஒரு கண்ணோடு இருக்கிற அம்மாவை அந்த மகள் ஏற்றுக்கொள்வார். இரண்டு கண்ணோடு இருக்கிற வேறொருத்தியை ஏற்றுக்கொள்ள மாட்டார்.

முகத்தை வெளுப்பாக்கும் ஆசை கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. நெகட்டிவில் பென்சில் பிடிக்க மீடியம் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள குழியையும் நிரப்புவதுதான் அந்தக் காலத்து டச்சிங். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். வந்தவர்கள் அதைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். ஆனால் அப்போது படத்துக்கு உட்கார்ந்தவரே எதிரில் இருந்தார், தனக்கு எது வேண்டுமென்று அவரே சொன்னார். உன் முன்னால் இருக்கிறவர்கள் பேச முடியாதவர்கள். அவர்கள் தோலின் நிறத்தை உன் மென்பொருள் தன்னிச்சையாக ஒரு படி வெளுப்பாக்கிவிடக்கூடும். கறுப்பு வெள்ளைக்குக் கலர் போடும்போது இன்னும் மோசம். சேலை நிறத்தையும் சேர்த்து அதுவே முடிவு செய்துவிடும். அந்தச் சேலை அரக்கா பச்சையா என்று தெரிந்த ஒருவராவது உயிரோடு இருந்தால் ஒழியக் கலர் போடாதே.

இன்னொன்று, இது எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படம், ஆள் இறந்த பிறகு எடுத்தது. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சவத்தை எடுக்கிற நேரத்தில் ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்த ஒரே படம். பிறகு ஓவியரிடம் கொடுத்துக் கண்ணைத் திறந்த மாதிரி வரையச் சொல்வார்கள். உன்னிடமும் அதைக் கேட்பார்கள். கேட்கிறவரின் மனசு எனக்குப் புரிகிறது, நீயும் முகம் சுளிக்காதே. ஆனால் கேட்டால்தான் செய்ய வேண்டும், நீயாகச் செய்யக் கூடாது. செய்தாலும் மூடிய கண்ணோடு உள்ளதைத் தனியாகவும் திறந்த கண்ணோடு உள்ளதைத் தனியாகவும் சேமித்து, எது எதுவென்று பெயரிலேயே எழுதி இரண்டையும் கொடு. சேர்ந்து படமே எடுத்துக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டியை ஒரே படத்தில் சேர்த்துக் கேட்பவர்களுக்கும் இப்படித்தான்.

பொட்டு விஷயமும் உண்டு. நெற்றியில் ஒரு சிவப்புக் கறை தெரிந்தால் உடனே துடைத்துவிடாதே. வருஷா வருஷம் திதிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்துக் கண்ணாடி உடைந்த பிறகு அது படத்திலேயே ஊறியிருக்கும். அது அழுக்கா, அவர்கள் கும்பிட்ட அடையாளமா என்று வீட்டில் கேட்டுவிட்டுத் தொடு.

இனி வேலைக்கு வருகிறேன். நீ தடுமாறுவதற்குப் பாதிக் காரணம், உனக்கு வருகிற படமே கெட்டு வருவதுதான். உன் நண்பர்கள் மலைக்கு வந்து போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சுருங்கினதில் கீறல் எது முடி எது என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல். முடிந்தால் ஸ்கேனரை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவரச் சொல். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் சைஸுக்கு 1200, சேமிப்பது டிஃப் ஃபைலாக. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. ஜெலட்டின் கண்ணாடியில் பிடித்திருக்கும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். போனில்தான் எடுக்க வேண்டுமென்றால் இங்கே மூட்டம் இறங்குகிற பகல் நேரம் நல்லது. வெளிச்சம் ஒரே சீராக இருக்கும், பளபளப்பு அடிக்காது. பல போன்களில் முகத்தை மெருகேற்றுகிற வசதி தானாக ஓடும், அதை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஏன் என்கிறாயா? அடுப்புப் புகையும் ஈரமும் ஏறிய படத்தில் கறை மஞ்சளாக, பழுப்பாக இருக்கும். மஞ்சள் நீல ஒளியை விழுங்கும். அதனால் அந்தக் கறை நீலச் சேனலில் கருப்பாகத் தெரியும், சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார். நீ ராத்திரி முழுக்க குளோன் ஸ்டாம்ப்பை வைத்து ஒற்றிக்கொண்டிருந்த கறை ஒரே நிமிஷத்தில் பெரும்பாலும் போய்விடும், அடியில் இருக்கிற முகத்தைத் தொடாமலே.

கலர் படம் நனைந்து கெட்டதென்றால் கணக்கு வேறு. கலர் பேப்பரில் மூன்று சாய அடுக்கு இருக்கிறது. மேலே சயான், நடுவே மெஜந்தா, அடியில் மஞ்சள். ஈரத்தில் ஊறி, பூசணம் தின்னும்போது மேலடுக்கு முதலில் போகும். சயான் போன இடம் சிவப்பாகத் தெரியும், மெஜந்தாவும் போனால் மஞ்சளாகும், மூன்றும் போனால் வெறும் வெள்ளை. நீ சிவப்புத் திட்டைப் பார்த்ததும் "போச்சு" என்று வெட்டி எறிகிறாய். அங்கே இன்னும் இரண்டு அடுக்கு உயிரோடு இருக்கிறது. பச்சைச் சேனலைத் திறந்து பார், மூக்கும் வாயும் அங்கே இருக்கும். மஞ்சள் திட்டில் நீலச் சேனல் மட்டும் ஏதாவது வைத்திருக்கும். வெள்ளையில் ஒன்றுமில்லை, அங்கேதான் கையை எடுத்துவிட வேண்டும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் எந்தப் படத்தை மீட்க முடியும், எதை முடியாது என்று பார்த்ததுமே சொல்லிவிடுவாய்.

பெரிதாக்கி வைத்துக்கொண்டே வேலை செய்யாதே. ஒவ்வொரு புள்ளியாகத் துடைக்கிறவன் முழு முகத்தைப் பார்க்க மறந்துவிடுவான். அடிக்கடி சின்னதாக்கி, படம் சுவரில் தொங்குகிற அளவுக்கு வைத்துப் பார். பின்னணியையும் அவசரப்பட்டுச் சுத்தம் செய்யாதே. கொட்டகுடி, குரங்கணிப் பக்கத்து வீட்டிலிருந்து வெளியில் நின்று எடுத்த பழைய படம் வந்து, வானத்தில் குறுக்கே ஒரு கோடு போனால், அதைக் கீறல் என்று அழித்துவிடாதே. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்க அந்தக் காலத்தில் ரோப்வே ஓடியது. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும். நீ அழிக்கிற கோடு அந்தக் கம்பியாக இருக்கலாம். கீறல் ஆளின் மேலும் மரத்தின் மேலும் தாண்டிப் போகும், கம்பி மரத்துக்குப் பின்னால் மறையும். அதைப் பார்த்து முடிவு செய்.

உன்னை மாதிரிப் பிள்ளைகள் முன்பும் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் அடித்த பிறகு, பத்திரிகையில் வேலை பார்த்த இரண்டு புகைப்படக்காரர்கள் ஆபரேஷன் போட்டோ ரெஸ்க்யூ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளம் தின்ற படங்களைச் சொந்தக்காரர் கண் முன்னாலேயே காப்பி எடுத்துக்கொண்டு, மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுவார்கள். தொண்டர்கள் தங்கள் வீட்டிலிருந்தே சரிசெய்து கொடுப்பார்கள். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு ஓஃபுனாட்டோ பக்கத்தில் பெக்கி மேன்சன் என்ற டச்சிங்காரப் பெண் போய் நின்றார். சேறு படிந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தொண்டர்கள் கையால் கழுவிக் காய வைத்தார்கள். கெட்டவற்றைச் சரிசெய்ய உலகம் முழுக்க இருந்த டச்சிங்காரர்கள் கை கொடுத்தார்கள். நம் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியது. அவர்கள் எதையும் அழகாக்கவில்லை. பூசணம், கிழிசல், பின்னால் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தபடியே. நீயும் அப்படி ஒரு தொடாத பிரதியைப் படத்தின் பின்பக்கத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அதன் காப்பியில் மட்டும் கை வை.

அவசரம் எதில் என்று கேட்டால், காப்பி எடுப்பதில்தான். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இந்த மலையில் சுவரில் மாட்டியிருப்பது ஒரு மழைக்கு நிற்குமா என்று சொல்ல முடியாது. அதனால் இந்தப் பருவத்துக்குச் சரிசெய்வதைக் குறைத்துக்கொண்டு ஸ்கேன் எடுப்பதைக் கூட்டுங்கள். நீ ஒரு நேரத்தில் ஒரு படத்துக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளாதே. முதலில் கிழிசல், கீறல் மட்டும் உள்ளவை, பிறகு கறை, முகம் போனவை கடைசியில். முடியாத படத்தை முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடு, மாசக்கணக்கில் காக்க வைக்காதே. இனாமாகச் செய்கிறோம் என்பதற்காகத் தாமதம் பரவாயில்லை என்று நினைக்காதே.

அந்தப் பூப்பாறை அம்மாவிடம் நான் ஆள் மூலம் பேசிவிட்டேன். அவருடைய சித்தி தேவாரம் ஊரில் இருக்கிறாராம், அந்தச் சித்தியின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். ஆவணி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புறப்பட்டுத் தேவாரம் போய், அவரிடம் கேட்டு, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்கேன் எடு. அப்படியே போடி வழியாக 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி இங்கே வந்துவிடு. வெறும் வயிற்றோடு ஏறாதே, உனக்குத் தலை சுற்றும். லேப்டாப்பையும் எடுத்து வா. அந்தப் படத்தை உன்கூட உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்த பிறகு நாம் இரண்டு பேருமே பூப்பாறைக்குப் போய் அந்தம்மாவிடம் கேட்போம்.

அன்புடன்,
அத்தை