கார் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கும் மோட்டார்: வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

இந்த முறை காருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன மோட்டாரைப் பற்றிப் பார்ப்போமா?

ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள லீவரை இழுத்தால் முன்கண்ணாடியில் சர்ர்ரென்று தண்ணீர் அடிக்கும். உடனே வைப்பர் துடைக்கும். இதற்குத்தான் வாஷர் என்று பெயர். (நட்டுக்கு அடியில் போடுகிற வட்டத் தகடும் வாஷர்தான், ஆனால் அது வேறு!) கையால் இயக்கும் வைப்பருக்கு 1903-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி. ஆனால் வைப்பர் மட்டும் இருந்தால் போதாது. காய்ந்த புழுதி மேல் அது ஓடினால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். கொஞ்சம் ஈரம் இருந்தாலோ சேறு பூசினது மாதிரி ஆகிவிடும்.

ஒரு கணக்கு போடுங்க. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு சுமார் 16.7 மீட்டர். சாயங்காலம் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிறோம், சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கிறது. முன்னால் போகும் லாரி சேற்றுத் தண்ணியை வாரி இறைக்கிறது. இரண்டே வினாடி ஒன்றும் தெரியவில்லை என்றாலும் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி! அதாவது ஒன்றரை கிரிக்கெட் பிட்ச்சுக்கும் மேல். அந்தத் தூரத்தில் யார் ரோட்டைக் கடக்கிறார்களோ?

வாஷரில் இருப்பது நாலே சாமான்: பிளாஸ்டிக் டேங்க், அதன் அடியில் செருகிய 12 வோல்ட் மோட்டார், ரப்பர் டியூப், பானெட் பக்கம் இருக்கும் நாசில். மோட்டார் வேலை செய்வது நம்ம கிணத்து மோட்டார் மாதிரியேதான். உள்ளே சின்னச் சக்கரம் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கம் தள்ளும். பின்கண்ணாடிக்கும் தண்ணீர் அடிக்கும் சில கார்களில் ஒரே மோட்டாருக்கு இரண்டு வாய் இருக்கும். ஒரு பக்கம் சுற்றினால் முன்னால் போகும், மின்சாரத்தை மாற்றிக் கொடுத்து எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்னால் போகும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது!

தண்ணீர் வரவில்லை என்றால் உடனே மோட்டாரைக் கழற்றக் கூடாது. முதலில் காதைத் தீட்டுங்க. லீவரை இழுக்கும்போது "கிர்ர்" என்று சத்தம் கேட்டால் மோட்டார் சுற்றுகிறது. டேங்க் காலியா, டியூப் கழன்றதா, நாசில் அடைத்ததா என்று பாருங்க. எங்க ஊர் உப்புத் தண்ணிக்கு நாசில் அடிக்கடி அடைக்கும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸைப் பார்க்கணும். அது நன்றாக இருந்தால் மோட்டார் பிளக்கைக் கழற்றி அதில் டெஸ்ட் லேம்ப் வைத்து, இன்னொருவரை லீவர் இழுக்கச் சொல்லுங்க. பல்பு எரிந்தால் கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போச்சு. எரியாவிட்டால் வயர் அல்லது சுவிட்ச் கோளாறு, புது மோட்டார் வாங்கிப் பயனில்லை.

எங்க சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் காரில் பல்பு எரிந்தது. ஆனால் டேங்க்கிலும் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல். தண்ணீர் ஒழுகிப்போனது தெரியாமல் லீவரை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த மோட்டாருக்குக் குளிர்ச்சி, வழுவழுப்பு எல்லாமே உள்ளே ஓடும் தண்ணீர்தான். வெறுமனே ஓடினால் சூடாகிக் கெட்டுவிடும். ஆகவே மோட்டாரை மட்டும் மாற்றினால் அதுவும் இதே வழியில் போகும். விரிசலைப் பசை போட்டு அடைக்கலாமே என்று கேட்பீர்கள். டேங்க் பெரும்பாலும் பாலித்தீன் வகை பிளாஸ்டிக். பாலித்தீன் பையில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது இல்லையா? அதே கதைதான். டேங்க்கையும் மாற்றுவதே நல்லது.

இனி வேலைக்கு வருவோம். பெரியவர்கள் துணையோடுதான் செய்யணும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கூலன்ட் டேங்க்கையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீங்க. மூடியில் கண்ணாடியில் தண்ணீர் தெளிக்கிற படம் போட்டிருந்தால்தான் வாஷர் டேங்க். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்க.

சில கார்களில் டேங்க் பானெட்டைத் திறந்ததும் தெரியும், இரண்டு மூன்று போல்ட்தான். பல கார்களில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் கை போக இடம் கிடைக்கலாம். ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்டாண்ட் கொடுக்காமல் தலையைக் கீழே விடவே கூடாது. ஜாக்கி நழுவினால் அவ்வளவுதான்.

டேங்க்கில் மீதித் தண்ணீர் இருந்தால் டியூபைக் கழற்றி ஒரு பேசினில் பிடியுங்க. பெட்ரோல் எடுப்பது மாதிரி வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. சில வாஷர் திரவங்களில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருக்கும்.

புது மோட்டாரைப் புது ரப்பர் புஷ்ஷோடு வாங்குங்க. பழைய புஷ் கல் மாதிரி இறுகியிருக்கும், ஒழுகும். புஷ்ஷைச் சோப்புத் தண்ணியில் நனைத்து மாட்டி, மோட்டாரை நேராக அழுத்தினால் "டப்" என்று உட்காரும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் புது டேங்க்கும் உடையும். டியூப் முனை விறைப்பாக இருந்தால் ஒரு நிமிஷம் வெந்நீரில் வையுங்க, இளகிவிடும்.

மறைப்பை மூடுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி ஒழுகுதா என்று பார்க்கணும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டி வரும். பிறகு பேட்டரியை இணைத்து லீவரை இழுங்க, ஒரு தடவைக்குச் சில வினாடி போதும். டியூபில் இருக்கும் காற்று போக வேண்டுமல்லவா, முதலில் இருமிவிட்டுத்தான் தண்ணீர் வரும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்? உப்பில்லாத தண்ணீரும் கடையில் விற்கும் வாஷர் திரவமும் நல்லது. துணி சோப்புத் தூள் வேண்டாம், நுரைத்து, காய்ந்து அடைக்கும். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் தேங்கவிடுவதும் தப்பு. 2010-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு லெஜியனர்ஸ் என்ற ஒருவகை நிமோனியா வரும் அபாயம் அதிகம் என்று சொன்னார்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தக் கிருமி வளரும், தெளிக்கும்போது மூச்சில் போகும்.

கடைசியாக நாசில். பல கார்களில் உருண்டையான நாசில்தான் இருக்கும். குண்டூசியை அதன் துளையில் விட்டு மெதுவாகத் திருப்பலாம். கார் ஓடும்போது காற்று தண்ணீரைக் கீழே தள்ளும். அதனால் நிற்கும்போது கண்ணாடியின் பாதிக்குச் சற்று மேலே விழும்படி வையுங்க.