சாயத் தண்ணீரும் இதய அறுவையும்

பத்தாம் வகுப்பில் சுற்றோட்டம் பாடம். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், அம்மாவுக்கு இதய ஆபரேஷன். இரத்தம் கொடுக்க ஆள் வேணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஏத்தவே இல்லை. முன்கூட்டியே எப்படித் தெரியும்?"

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், மெலிந்த உடல். அந்தக் கேள்வியையே அன்றைய பாடமாக்கினேன்.

விளக்கம்: திறந்த இதய அறுவையில் இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இதய-நுரையீரல் கருவியிடம் ஒப்படைப்பார்கள். 1953இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் இதில் முதல் வெற்றி கண்டார். 1961இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய அறுவை நடந்தது. கருவியின் குழாய்களில் முதலில் திரவம் நிரப்பப்படும். அது நோயாளியின் இரத்தத்தோடு கலக்கும்போது இரத்தம் நீர்த்துப்போகும்.

செயல்பாடு 1: பெரிய குவளையிலும் சிறிய குவளையிலும் ஒரே அடர்த்தியுள்ள சாயத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுக. எது அதிகம் வெளுக்கிறது? சாயப்பட்டறை வீட்டுப் பிள்ளைகள் ஊற்றும் முன்பே "சின்னதுதான்" என்றார்கள்.

செயல்பாடு 2: கிலோவுக்கு ஏறத்தாழ 70 மி.லி. இரத்தம், கருவித் திரவம் 1.4 லிட்டர் எனக் கொள்க. ஹீமோகுளோபின், 100 மி.லி.க்குக் கிராமில்.

40 கிலோ பெண், ஹீமோகுளோபின் 10.5: 10.5 × 2.8 ÷ 4.2 = 7
70 கிலோ ஆண், ஹீமோகுளோபின் 13.5: 13.5 × 4.9 ÷ 6.3 = 10.5

ஆணுக்குக் கலந்த பின் இருப்பது, பெண்ணுக்குக் கலக்கும் முன்பே இருந்த அளவு! 7.5க்குக் கீழே இறங்கினால் இரத்தம் ஏற்றுவது இன்று பலர் பின்பற்றும் முறை.

கணிப்பு: 2006இல் கனடாவின் டொரான்டோ மருத்துவர்கள் வெளியிட்ட 'டிரஸ்ட்' மதிப்பெண்ணில் எட்டுக் கேள்விகள். ஹீமோகுளோபின் 13.5க்குக் குறைவா? எடை 77 கிலோவுக்குக் குறைவா? பெண்ணா? வயது 65க்கு மேலா? அவசர அறுவையா? சிறுநீரகம் பாதிக்கப்பட்டுள்ளதா? முன்பே இதய அறுவை நடந்ததா? ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் சேர்ந்தா? ஒவ்வோர் 'ஆம்'க்கும் 1 புள்ளி. புள்ளி கூடினால் இரத்தம் தேவைப்படும் வாய்ப்பும் கூடும். இது வாய்ப்பைச் சொல்லும் கணக்கு, தீர்ப்பு அல்ல.

மதிப்பீடு: "இந்த எட்டில் நம்மால் மாற்றக்கூடியது எது?" என்று கேட்டேன். வயதையோ பாலினத்தையோ மாற்ற முடியாது. ஹீமோகுளோபினை, காலம் இருந்தால், உயர்த்தலாம் என்று கண்டுபிடித்தார்கள்.

வாராவாரம் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைப்பவர்கள் என் வகுப்பிலும் உண்டு. அந்த வாரம் யாரையும் மிரட்டவில்லை. கரும்பலகையில் இருந்த 10.5ஐ அழிக்காமல் விட்டேன். கேள்வி கேட்ட மாணவிதான் முதலில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.