கிழக்கா, தெற்கா? இலங்கையில் கடற்கரை விடுமுறைக்குப் பயனுள்ள குறிப்புகள்

பரப்பளவில் தமிழ்நாட்டின் பாதிதான் இலங்கை. வரைபடத்தைப் பார்த்தால், ஒரு வாரத்தில் தீவையே சுற்றி வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே சாலைகள் குறுகியவை, வளைந்து வளைந்து போகும். 100 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆவதும் உண்டு. முழுத் தீவையும் ஒரே மூச்சில் பார்க்கக் கிளம்பினால் பாதி விடுமுறை வண்டியிலேயே கழிந்துவிடும். ஒரே ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். கோயில், காடு, கடல் மூன்றும் அந்தக் கரையை ஒட்டியே கிடைக்கும்.

1. கரையை முடிவு செய்ய வேண்டியது மாதம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது காலி, மிரிஸ்ஸ, பெந்தோட்டைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா ஆகிய கிழக்குக் கரைகளில் கடல் அமைதியாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்கை நனைக்கும். அப்போது தெற்கே போங்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்குக் கரைக்கு நல்ல காலம்.

2. நம் பிள்ளைகளின் விடுமுறைக்கும் இது பொருந்திவருகிறது. மே மாத விடுமுறைக்குத் திருகோணமலை. அரையாண்டு விடுமுறைக்குக் காலி, மிரிஸ்ஸ. ஏப்ரல் நடுவில் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சித்திரைப் புத்தாண்டை அங்கே சிங்களவரும் தமிழரும் ஒருசேரக் கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களில் கடைகள் பல மூடியிருக்கும், பஸ்களும் குறையும்.

3. கிழக்கைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஹபரணையில் இரண்டு இரவும், மீதியைத் திருகோணமலையிலும் தங்கினால் போதும். ஹபரணையைச் சுற்றியே சிகிரியா, பொலன்னறுவை, மின்னேரியா எல்லாம் இருக்கின்றன. அங்கிருந்து திருகோணமலை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். என்னைக் கேட்டால், முதல் தடவை போகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வழியில் கந்தளாய்க் குளக்கரையில் வண்டியை நிறுத்திக் கால் நீட்டிக்கொள்ளுங்கள்.

4. மகாசேன மன்னன் வெட்டிய மின்னேரியாக் குளத்தில் கோடையில் தண்ணீர் வற்றும்போது கரையெல்லாம் இளம்புல் முளைக்கும். அதை மேய ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். குட்டியை நடுவில் விட்டுச் சுற்றி நிற்கும் தாய்களைப் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம். ஆனால் வேறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்டு குளம் நிரம்பியிருந்தால் புல் மூழ்கிவிடும், யானைகளும் வேறிடம் போய்விடும். அதனால் மின்னேரியா என்று முன்கூட்டியே பிடிவாதமாக முடிவு செய்ய வேண்டாம். அன்று காலை விசாரித்து, யானைகள் மின்னேரியாவில் இருக்கின்றனவா, அருகிலுள்ள கவுடுல்லவிலா, ஹுருலுவிலா என்று தெரிந்துகொண்டு பிற்பகலில் ஜீப் ஏறுங்கள்.

5. ஜீப் வாடகை வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. நுழைவுக் கட்டணத்தோடு சேவைக் கட்டணம், வண்டிக் கட்டணம், வரி என்று தனித்தனியாகச் சேரும். “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில் பல இடங்களில் கட்டணம் குறைவு. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் அது கிடைக்கும். அறையில் வைத்துவிட்டு வராதீர்கள்.

6. ஓட்டுநரிடம் இன்னொரு சொல்லும் சொல்லிவையுங்கள்: “யானைக்கு நெருக்கமாகப் போக வேண்டாம், அது வழி மாறும்படி வண்டியை நிறுத்த வேண்டாம்.” கூடுதல் பணம் தருவார்கள் என்று நினைத்துத்தான் பலர் நெருங்குகிறார்கள். பயணி வேண்டாம் என்றால் நின்றுவிடுவார்கள். சாலையோரம் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் நீட்டவே கூடாது. தின்னக் கிடைக்கும் என்று சாலைக்குப் பழகிய யானையால் மனிதருக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து.

7. சிகிரியாப் பாறையின் உச்சிக்கு ஏறக்குறைய 1,200 படிகள். கதவு திறக்கும்போதே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். அங்குள்ள பழைய ஓவியங்களைப் படமெடுக்க அனுமதி இல்லை. பழைய சிங்களக் கவிதைகள் கீறப்பட்ட கண்ணாடிச் சுவரைத் தொடாமல் நடக்கப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். உச்சியருகே குளவிக் கூடுகள் உண்டு. அங்கே கூச்சல் போடக்கூடாது.

8. பையில் இரண்டு ஜோடிப் பழைய காலுறை இருக்கட்டும். பொலன்னறுவையின் புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், நண்பகலில் கல் சுடும். காலுறையோடு நடக்கலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை போடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பது அங்கே பெரிய அவமதிப்பு.

9. பொலன்னறுவையில் எதை விட்டாலும் இரண்டாம் சிவாலயத்தை விடாதீர்கள். 11ஆம் நூற்றாண்டில் சோழர் கட்டிய கற்றளி அது. வானவன்மாதேவி ஈச்சரம் என்று பெயர். அந்நகரில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுவே. சுவரில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம். வழிகாட்டிகள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நீங்களே கேட்டு நிறுத்துங்கள்.

10. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்கு மாலை பூசைக்குப் போங்கள். ஞானசம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். 1950களில் மலையடிக் கடலுக்குள் மூழ்கித் தேடியவர்கள் பழைய கோயிலின் தூண்களையும் சிற்பங்களையும் கண்டார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அந்தப் பாறை விளிம்பில் நின்றால் கடலே வேறாகத் தெரியும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதரிடம் அச்சமின்றி வரும். பிஸ்கட் தராதீர்கள், பிளாஸ்டிக் உறையைக் கீழே போடாதீர்கள். அதையும் அவை தின்றுவிடுகின்றன.

11. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. படகுக் கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விட்டால், கரைக்குப் பக்கத்திலேயே வண்ண மீன்களும் கருந்துடுப்புச் சுறாக்குட்டிகளும் தெரியும். இந்தச் சுறாக்கள் சிறியவை, மனிதரைக் கண்டால் விலகிப்போகும். பவளப்பாறை மீது ஒரு நொடிகூடக் கால் வைக்காதீர்கள். கல் மாதிரி இருந்தாலும் அது உயிர், ஒடிந்தது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். சன்ஸ்கிரீனைப் பூசிக்கொள்வதைவிட முழுக்கைச் சட்டையோடு நீந்துவது தோலுக்கும் பவளத்துக்கும் நல்லது. ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டையும் எடுத்து வரக்கூடாது, நம் நாட்டுச் சட்டத்திலும் அது குற்றம்.

12. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பாசிக்குடா. அங்கே கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். மற்ற இடங்களில் இறங்குமுன் மீனவரிடம் கேளுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதிலிருந்து விடுபடலாம்.

13. நீலத்திமிங்கிலம் தெற்கே மிரிஸ்ஸவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும், கிழக்கே திருகோணமலையில் மே மாதம் தொடங்கியும் தென்படும். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியே கடல் ஆழமாக இறங்குவதால் திமிங்கிலங்கள் கரைக்கு அருகிலேயே வருகின்றன. படகு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதைக் கடைப்பிடிப்பவரா என்று கேட்டுப் படகைப் பிடியுங்கள். வாந்தி வருமென்றால் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு அல்ல, ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

14. தெற்கே போகிறவர்கள் யாலாவில் சிறுத்தையைத் தேடி நாளெல்லாம் செலவிடுவதைவிட, உடவளவையில் யானைகளைப் பார்க்கலாம். அங்கே அவை ஆண்டு முழுவதும் உண்டு. அனாதையான குட்டிகளைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப வளர்க்கும் இல்லமும் அங்கே இருக்கிறது. பால் கொடுக்கும் நேரத்தில் தள்ளி நின்று பார்க்கலாம், தொட முடியாது. அதுதான் சரியும்கூட. யாலா வரை போனால் கதிர்காமத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே திரையிட்ட கருவறை முன் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நின்று முருகனை வணங்குகிறார்கள்.

15. சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: தேங்காய்ச் சம்பலிலும் பல காய்கறிக் குழம்புகளிலும் மாசிக்கருவாடு சேர்ப்பார்கள். “மாசி போடாமல்” என்று சொல்லி வாங்குங்கள். இடியப்பமும் சொதியும் எங்கும் கிடைக்கும்.

16. பௌர்ணமி நாள் அங்கே அரசு விடுமுறை. கோயில்களில் கூட்டம், சாலையில் நெரிசல். பயணத் தேதிகளைப் போடும்போது பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

17. காலில் ஒட்டிய மணலுக்கு டால்கம் பவுடரைத் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும், காரும் அறையும் தப்பும். ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் இரவில் உலர்ந்துவிடும். சதுரக் கால் பிளக்குக்கான அடாப்டர் ஒன்று எடுத்துச் செல்லுங்கள், பல விடுதிகளில் நம் பிளக் பொருந்தாது.

18. புறப்படுமுன் இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். விதிகள் மாறும் என்பதால் அரசு இணையதளத்தை மட்டும் பாருங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. கப்பல் மழைக்காலத்தில் நின்றுவிடும் என்பதால், திரும்பும் நாளை அதை மட்டுமே நம்பி வைக்காமல் ஒரு நாள் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.