ஜோன்ஸ்பரோ: கதை கேட்கும் சிற்றூர்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ‘கவுண்டி’ எனப்படும் சிறிய நிருவாகப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நீதிமன்றமும் நிலப் பதிவேடுகளும் எந்த ஊரில் இருக்கின்றனவோ, அந்த ஊரே கவுண்டியின் தலைமையிடம். டென்னசி மாநிலத்தின் கிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே அமைந்துள்ள ஜோன்ஸ்பரோ அத்தகையதோர் ஊர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஆறாயிரம் பேர்கூட இல்லை. ஆயினும், டென்னசியின் மிகப் பழைமையான நகரம் இதுவே.

இவ்வூர் 1779ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அப்போது டென்னசி என்றொரு மாநிலமே இல்லை. செரோக்கி பழங்குடியினர் நெடுங்காலமாக நடமாடிய இந்நிலத்தை வட கரோலைனா மாநிலம் தனதென்று கூறிக்கொண்டது. மலைக்கு அப்பாலிருந்த அந்த அரசு தங்களைக் கவனிக்கவில்லை என்று குறைபட்ட குடியேறிகள், 1784இல் ஜோன்ஸ்பரோவில் கூடிப் ‘பிராங்கிளின்’ என்னும் தனி மாநிலத்தை உருவாக்க முனைந்தனர். அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. நான்கே ஆண்டுகளில் அம்முயற்சி மறைந்துபோனது. 1788இல் இவ்வூருக்கு வந்து வழக்கறிஞராகப் பணியாற்றிய இருபத்தொரு வயது இளைஞர் ஆண்ட்ரூ ஜாக்சன், பின்னாளில் நாட்டின் ஏழாவது அதிபரானார். அவர் தங்கியிருந்த மரவீட்டைப் பயணிகள் இன்றும் பார்க்கலாம்.

அதிபர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் ஊர்கள் அமெரிக்காவில் பல உண்டு. ஜோன்ஸ்பரோவின் உண்மையான பெருமையோ ஓர் இரும்புத் தொழில் அதிபரைச் சேர்ந்தது. அவர் பெயர் எலைஹு எம்ப்ரீ. எளிமையையும் அமைதியையும் போற்றும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அக்காலத்தில் டென்னசியில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்குவது சட்டப்படி குற்றமில்லை. எம்ப்ரீயே ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்தாம். ஆனால், அது தவறென்று உணர்ந்தபின் அவர் வாளாவிருக்கவில்லை. 1820ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ‘விடுதலை அளிப்பவர்’ எனப் பொருள்படும் ‘எமான்சிபேட்டர்’ என்ற மாத இதழை இவ்வூரில் அச்சிட்டு வெளியிட்டார். அடிமைமுறை ஒழிப்புக்காகவே நடத்தப்பட்ட முதல் அமெரிக்க இதழ்களுள் அது ஒன்று. பாஸ்டன் நகரில் வில்லியம் லாய்ட் கேரிசன் தம் புகழ்பெற்ற இதழைத் தொடங்கியது அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான். எம்ப்ரீ தம் இதழை மாநில ஆளுநர்கள் சிலருக்கும் அனுப்பினார். அதை விரும்பாமல் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. ஏழு இதழ்களே வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பரில், முப்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார். டென்னசியில் அடிமைமுறை ஒழிய இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பிற்காலத்தில் பல இரயில் பாதைகள் சந்தித்த பக்கத்து ஊரான ஜான்சன் சிட்டி வேகமாக வளர்ந்தது. வணிகம் அங்கே நகர்ந்தது. ஜோன்ஸ்பரோ சிற்றூராகவே நின்றுவிட்டது. ஒரு வகையில் அதுவே நன்மையாயிற்று! புதிய கட்டடங்களுக்குத் தேவை குறைந்ததால் பழைய செங்கல் வீடுகளும் தேவாலயங்களும் இடிபடாமல் தப்பின. 1969இல் ஊரின் மையப்பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

பழைய கட்டடங்கள் மட்டும் ஓர் ஊருக்குச் சோறு போடுமா? இவ்வூரின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஜிம்மி நீல் ஸ்மித், ஒரு நாள் காரில் சென்றபோது வானொலியில் ஒருவர் நகைச்சுவையாகக் கதை சொல்வதைக் கேட்டார். கதைசொல்லிகளை நம் ஊருக்கே அழைத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1973ஆம் ஆண்டு அக்டோபரில், நீதிமன்றத்தின் அருகே நிறுத்தப்பட்ட பழைய பண்ணை வண்டியே மேடையானது. அன்று அதன் முன் கூடியவர்கள் சிலரே. இப்போது ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் வார இறுதியில் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். பெரிய கூடாரங்களில் அமர்ந்து, கையில் தாளின்றிக் கதை சொல்பவரை உற்றுக் கேட்கின்றனர். 1797இல் கட்டப்பட்டு, குதிரை வண்டிப் பயணிகள் இரவு தங்கிச் சென்ற செஸ்டர் விடுதி இன்றும் பிரதான வீதியில் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே 2002இல் அனைத்துலகக் கதைசொல்லல் மையம் திறக்கப்பட்டது.