அரசு முடங்கினால் முதல் மூன்று வாரம்தான் முக்கியம்

அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதா காங்கிரசில் நிறைவேறி, அதிபரின் கையெழுத்தும் விழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிதி ஒதுக்கப்படாத துறைகள் கதவைச் சாத்த வேண்டியதுதான். தற்காலிக நிதி ஒதுக்கீடு முடிந்ததால் 2018 டிசம்பர் 22 அன்று தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களின் சம்பளம் நின்றது. 2025 அக்டோபர் 1 அன்று தொடங்கியது அதையும் தாண்டி 43 நாள் போனது. ஆகவே "ரெண்டு நாளில் பேசி முடித்துவிடுவார்கள்" என்ற நம்பிக்கையை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள்.

முடக்கம் தொடங்கிய அன்றே கை காலியாகிவிடாது. மத்திய அரசு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தருகிறது. அதுவும் முடிந்துபோன நாட்களுக்கு. அதனால் டிசம்பர் 22 அன்று தொடங்கிய முடக்கத்தில் முதல் வெறும் சம்பள நாள் ஜனவரி 11 அன்றுதான் வந்தது. 2025-இல் அக்டோபர் நடுவில் ஒரு பகுதிச் சம்பளமாவது வந்தது; அந்த மாதக் கடைசியில்தான் முழுதும் நின்றது. இடையில் கிடைக்கும் அந்த மூன்று வாரத்தில் கணக்கில் பணம் இருக்கும், தவணை எதுவும் தவறியிருக்காது, கடன் கொடுத்தவரிடம் நிமிர்ந்து பேச முடியும். செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை அப்போதே செய்துவிட வேண்டும்.

நீங்கள் எந்த வரிசையில்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஃபர்லோவில் அனுப்பப்பட்டவர் வேலைக்குப் போகக் கூடாது, சம்பளமும் இல்லை. விமான நிலையப் பாதுகாப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற பணிகளில் இருப்பவர் வேலைக்குப் போயே ஆக வேண்டும். சம்பளம் மட்டும் வராது. இந்த இரு சாராருக்கும் நிலுவைச் சம்பளம் உண்டு என்று 2019 ஜனவரியில் சட்டம் வந்தது. 2025 அக்டோபரில் ஃபர்லோவில் இருந்தவர்களுக்கு அது தானாகவே கிடைக்குமா என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் சந்தேகம் கிளப்பியது. நவம்பர் 12 அன்று முடக்கத்தை முடித்துவைத்த சட்டம் நிலுவையை உறுதிசெய்தது. பணம் வரும், தேதிதான் தெரியாது என்ற கணக்கில் திட்டமிடுங்கள். இவர்களைத் தவிர அஞ்சல் துறை போல சொந்த வருமானத்தில் ஓடும் அமைப்புகளில் இருப்பவர்களுக்குப் பாதிப்பு பெரிதாக இல்லை.

கடைசி வரிசை ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக அரசுக்கு வேலை செய்பவர்கள். அலுவலகக் கேன்டீனில் சமைப்பவர், இரவில் தரை துடைப்பவர், வாசலில் நிற்கும் காவலர், துறையின் மென்பொருளை எழுதுபவர் என எல்லோரும் இதில் அடக்கம். 2019 சட்டம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவர்களுக்கும் ஈடு தர வேண்டும் என்று 2018-19 முடக்கத்துக்குப் பிறகு கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை. இது பெரிய அநியாயம். ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து உழைத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் போன சம்பளம் போனதுதான். இந்த வரிசையில் இருப்பவர் முடக்கத்தை உண்மையான வேலையிழப்பாகவே எடுத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே வேறு வேலை தேடத் தொடங்கட்டும்.

வேலையின்மை உதவித்தொகை

ஃபர்லோவில் இருப்பவரும் வேலை நின்ற ஒப்பந்த ஊழியரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். சம்பளமில்லாமல் முழு நேரமும் வேலைக்குப் போகிறவருக்குப் பொதுவாகக் கிடைக்காது.

அரசு ஊழியர் விண்ணப்பிக்க வேண்டியது குடியிருக்கும் மாநிலத்தில் அல்ல, பணியிடம் இருக்கும் மாநிலத்தில். வர்ஜீனியாவில் வீடு, வாஷிங்டனில் அலுவலகம் என்றால் விண்ணப்பம் வாஷிங்டனுக்குப் போக வேண்டும். இதைத் தவறவிட்டால் இரண்டு மூன்று வாரம் வீணாகும். எஸ்.எஃப். 8, எஸ்.எஃப். 50 என்ற இரு படிவங்களும் கடைசிச் சம்பளச் சீட்டுகளும் தேவைப்படும். அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியாமல் போவதற்கு முன்பே இவற்றை இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகை பெரிதல்ல, வாஷிங்டனில் உச்சவரம்பு வாரத்துக்கு 444 டாலர். அதற்கு வருமான வரியும் உண்டு. நிலுவைச் சம்பளம் வந்ததும், அதே வாரங்களுக்கு வாங்கிய உதவித்தொகையை மாநிலம் திருப்பிக் கேட்கும். இது வட்டியில்லாமல் கைமாற்று வாங்குவது போலத்தான். அப்படியிருந்தும் விண்ணப்பிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் பரிசீலனைக்கே வாரக்கணக்கில் ஆகும், முடக்கம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. நிலுவை இல்லாத ஒப்பந்த ஊழியருக்குத் திருப்பித் தர வேண்டிய கவலையும் இல்லை. அவர் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள்

அரசு ஒப்பந்தங்களை நம்பியிருக்கும் ஐ.டி. நிறுவனங்களில் நம்மவர்கள் நிறைய. திட்டம் நின்றதும் நிறுவனம் "கொஞ்ச நாள் பெஞ்சில் இருங்கள், சம்பளம் கிடையாது" என்று சொல்லக்கூடும். இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வேலை இல்லாததால் உங்களை உட்கார வைத்தால், விசாவுக்காகத் தொழிலாளர் துறையிடம் ஒப்புக்கொண்ட சம்பளத்தை நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். நீங்களாகக் கேட்டு எடுக்கும் விடுப்புக்கு மட்டும்தான் விலக்கு. ஆகவே "சொந்தக் காரணத்துக்காக ஊதியமில்லா விடுப்பு கோருகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால், அனுப்பாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் உரிமையைப் பறித்துவிடும்.

வேலையிலிருந்தே நீக்கினால் 60 நாள் அவகாசம் உண்டு. தங்கும் அனுமதியைக் காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே காலாவதியானால் அதுவரைதான். முடக்கம் இந்த 60 நாளை நிறுத்தி வைக்காது. புதிய நிறுவனத்துக்கு மாற அந்த நிறுவனம் சம்பளத்தையும் பணி நிபந்தனைகளையும் குறிக்கும் எல்.சி.ஏ. விண்ணப்பத்துக்குத் தொழிலாளர் துறையின் ஒப்புதல் பெற வேண்டும். 2025 அக்டோபரில் அந்தப் பிரிவே வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. குடியேற்றத் துறை கட்டணத்தில் ஓடுவதால் அது திறந்திருந்தும், உள்ளே அனுப்ப வேண்டிய தாளைப் பெற வழியில்லை. புதிய நிறுவனத்திடம் அதே ஊருக்கு, அதே வேலைக்கு ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற எல்.சி.ஏ.வில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று நேர்முகத் தேர்வின்போதே கேளுங்கள். அன்றைக்கே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள். எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலையின்மை உதவித்தொகை பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதால், இவர்களுக்குச் சேமிப்பு மட்டுமே துணை.

யாரிடம் என்ன கேட்பது

வீட்டுக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு, வாடகை: இந்த நாலு பேரையும் தவணைத் தேதிக்கு முன்பே கூப்பிடுங்கள். மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம் இதற்கென்றே மாதிரிக் கடிதங்கள் வைத்திருக்கிறது. "தள்ளிவைக்கிறோம்" என்று வங்கி சொன்னதும் போனை வைத்துவிடக் கூடாது. தள்ளிவைத்த தவணை கடனின் கடைசியில் சேருமா, அல்லது மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கேட்பார்களா? இடையில் வட்டி ஏறுமா? கிரெடிட் ஸ்கோரில் பதியுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேவி ஃபெடரல் போன்ற கடன் சங்கங்கள் முடக்கக் காலத்தில் வட்டியில்லாக் கடன் தந்திருக்கின்றன. உங்கள் சம்பளம் நேராக அந்தக் கணக்கில் விழுந்துகொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முடக்கம் வரும் என்று பேச்சு அடிபடும்போதே அதைச் சரிபார்ப்பது நல்லது. டி.எஸ்.பி. ஓய்வூதியச் சேமிப்பில் கை வைத்தே ஆக வேண்டும் என்றால் கடனாக எடுங்கள். நெருக்கடிக்கால எடுப்பாக எடுத்தால் வரியோடு, 59½ வயதுக்குக் கீழே இருப்பவர் 10 சதவீத அபராதமும் கட்ட நேரும்.

அரசு ஊழியரின் மருத்துவக் காப்பீடு முடக்கத்தில் அறுந்துபோகாது. பிரீமியத்தைப் பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்த ஊழியரின் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முடிந்துவிட்டால், பழைய காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரும் கோப்ராவைத் தேர்ந்தெடுக்கவும் காப்பீட்டுச் சந்தைத் திட்டத்தில் சேரவும் 60 நாள் இருக்கிறது.

ஊரில் வாங்கிய வீட்டுக்கு இ.எம்.ஐ. போகிறதா? அந்தக் கணக்கில் இரண்டு மாதத் தவணையை முன்கூட்டியே போட்டு வையுங்கள். மாதாமாதம் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணம் குறையும் என்றால், செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து அவர்கள் கலங்குவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பகுதி நேர வேலை பார்க்கலாமா? பார்க்கலாம். ஆனால் ஃபர்லோவில் இருந்தாலும் நீங்கள் அரசு ஊழியர்தான். வெளிவேலைக்கான நெறிமுறைகள் அப்படியே இருக்கும். உங்கள் துறையின் அனுமதி தேவையா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். சும்மா இருக்கிறோமே என்று அலுவலகக் கோப்பைத் திறந்து வேலை செய்யப் போகாதீர்கள். 1884-இல் வேர்விட்ட ஒரு சட்டம், ஊதியமில்லாமல் தானாக முன்வந்து வேலை செய்வதையே தடுக்கிறது.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் வந்தால் உணவு வங்கிக்குப் போங்கள். 2019 ஜனவரியில் சமையற்கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸின் அமைப்பு வாஷிங்டன் பென்சில்வேனியா அவென்யூவில் சமையற்கூடம் திறந்து அரசு ஊழியர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டது. அங்கே வரிசையில் நின்றவர்கள் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தியவர்கள்தான். உழைத்த கூலி கையில் வராதது அவர்கள் குற்றமல்ல, உங்கள் குற்றமும் அல்ல.

திறந்த பிறகு

நிலுவை வந்ததும் அதைச் செலவழிக்கத் தொடங்காதீர்கள். முதலில் சம்பளச் சீட்டை வரிவரியாகப் பாருங்கள். ஓவர்டைம், இரவுப்படி, விடுப்பு எல்லாம் விட்டுப்போயிருக்கக்கூடிய இடங்கள். பிடித்தம் செய்த பிரீமியம் எத்தனை தவணைக்கு என்று எண்ணிப் பாருங்கள். மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டிய உதவித்தொகையை அன்றே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். அந்தக் கடிதம் சில மாதம் கழித்தும் வரலாம். அடுத்தது வட்டி ஏறும் கடன், அதாவது கிரெடிட் கார்டு. தள்ளிவைத்த வீட்டுத் தவணைக்குக் கடைசியில் சேர்ப்பதாக எழுத்தில் வாக்கு வாங்கியிருந்தால், அது இன்னும் காத்திருக்கலாம்.